நான்காம் ஹோல்டும் எட்டுக் கோடி ஏக்கரும்

தானியம் ஏற்றப் போகும் கப்பலுக்குப் புயலைவிடத் துருவே பெரிய எதிரி. முந்தைய பயணத்தில் நிலக்கரி ஏற்றியிருந்தால், ஹோல்டு என்று நாங்கள் சொல்லும் சரக்கு அறையைக் கடல்நீரால் கழுவி, நன்னீரால் அலசி, உள்ளங்கையால் தடவினால் கறுப்பு ஒட்டாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இத்தனையும் செய்த பிறகும், 2018 நவம்பரில், அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள கலாமா துறைமுகத்தில் எங்கள் நான்காம் ஹோல்டு ஆய்வில் தோற்றது. ஏணிக்குப் பின்னால் கைப்பிடி அளவு துருச் செதில் கிடந்தது. ஆய்வாளர் இன்னும் கொஞ்சத்தைக் கட்டைவிரலால் சுரண்டி எடுத்து என் கையில் வைத்தார். சீஃப் ஆபீசராக எனக்கு அதுதான் முதல் கப்பல். காது மடல் சுட்டது.

மறு ஆய்வுக்கு ஆறு மணி நேரம் ஆகும். வெளியே விடாத மழை. கரைக்குப் போய்த் திரும்புவதைவிட எங்கள் சாப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்திருப்பது மேல் என்று அவர் முடிவு செய்தார். மாலுமிகள் நான்காம் ஹோல்டில் சுரண்டிக்கொண்டிருக்க, நான் மேலும் கீழும் ஓடியபடி, இடையிடையே அவருடன் தேநீர் குடித்தேன். இறக்குமதி வரி என்பது வயலுக்குள் எப்படி நுழைகிறது என்பதை அந்த ஆறு மணி நேரத்தில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் எனக்கு அது செய்தித்தாளில் வரும் சொல், அவ்வளவே.

எங்களுக்கு விதித்திருந்த சரக்கு ஜப்பானுக்கான மக்காச்சோளம். இந்த மாதத்தில் இந்தத் துறையில் வழக்கமாக என்ன ஏற்றுவார்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சோயா. வடக்கு டகோட்டா மாநிலத்திலிருந்து நீண்ட ரயில்களில் வந்து, கன்வேயரில் ஏறி, குழாய் வழியாக ஹோல்டில் கொட்டி, பசிபிக் கடலைத் தாண்டிச் சீனாவுக்குப் போகும் சோயா. அந்த ஆண்டு அந்த ரயில்கள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல, நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

2018 ஜூலையில் நான் வேறொரு கப்பலில் இரண்டாம் அதிகாரி. பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் சோயா ஏற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, சீனாவின் தியான்ஜின் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அதே நாட்களில் அமெரிக்காவின் சியாட்டிலில் 70,000 டன் சோயா ஏற்றிய 'பீக் பெகாசஸ்' என்ற கப்பல் தாலியன் துறைமுகத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. ஜூலை 6 அன்று அமெரிக்கா சீனப் பொருட்கள் பலவற்றின் மீது 25% வரி விதித்தது. பதிலுக்குச் சீனாவும் அன்று நண்பகல் முதல் அமெரிக்க சோயா மீது 25% கூடுதல் வரி விதித்தது. பீக் பெகாசஸ் அன்று மாலைதான் தாலியன் கரையை நெருங்கியது. சில மணி நேரத் தாமதம். சீன இணையத்தில் லட்சக்கணக்கானோர் அந்தக் கப்பலுக்கு ஓட்டப் பந்தய வீரனுக்குக் கொடுப்பதுபோல் உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அது ஒரு மாதத்துக்கும் மேல் கரைக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. போஹாய் நீரிணையைக் கடந்தபோது, சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் எங்கள் ஏ.ஐ.எஸ். திரையின் ஓரத்தில் அதன் முக்கோணக் குறியைப் பார்த்தேன். எங்கள் ஹோல்டில் இருந்ததும் சோயாதான், அதன் ஹோல்டில் இருந்ததும் சோயாதான். நாங்கள் நேராகத் துறைமுகத்துக்குள் போனோம். அவர்கள் வட்டம் அடித்தார்கள். கடலில் இருப்பவனுக்கு வரி என்றால் இதுதான்: காத்திருக்கும் நாட்களுக்கு யாரோ ஒருவர் பணம் கட்டுவார், நாங்கள் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு, வாட்ச் என்னும் எங்கள் முறைப் பணியைப் பார்ப்போம். ஆகஸ்டில் அந்தக் கப்பல் ஒருவழியாகச் சரக்கை இறக்கியது. கப்பலின் கதை அத்துடன் முடிந்தது. விவசாயியின் கதை அப்போதுதான் தொடங்கியது என்பதைக் கலாமாவில் அந்த ஆய்வாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய அண்ணன் வடக்கு டகோட்டாவில் விவசாயி. நிலத்தில் பாதிக்குமேல் அந்த ஆண்டு சோயா. ஜூலை 6 அன்று அந்தச் சோயா முழங்கால் உயரத்தில் நின்றது. மே மாதம் விதைத்தது. வரி வருகிறது என்று தெரிந்து பயிரைப் பிடுங்கிவிட்டு வேறு நட முடியுமா? அங்கே கோடை குறுகியது, ஜூலையில் விதைத்தால் உறைபனிக்கு முன் எதுவும் விளையாது. ஆகவே விற்க வழி இல்லாத பயிர் என்று தெரிந்தே அதற்குக் களைக்கொல்லி அடித்தார், பூச்சி பார்த்தார், அறுவடை செய்தார். "நன்றாக விளைந்துவிட்டது, அதுதான் இன்னும் கஷ்டம்" என்று அண்ணன் சொன்னதாக ஆய்வாளர் சொன்னார்.

செய்திகளில் நாம் பார்ப்பது சிகாகோ சந்தை விலை. விவசாயிக்கு அந்த விலை கிடைப்பதில்லை. ஊர்க் களஞ்சியத்தில், எலிவேட்டர் என்பார்கள், சிகாகோ விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதற்குப் பேசிஸ் என்று பெயர். ரயில் கட்டணம், துறைமுகத்தில் உள்ள தேவை எல்லாம் சேர்ந்து அந்தக் கழிவைத் தீர்மானிக்கின்றன. அயோவா, இல்லினாய் விவசாயிகளுக்கு மிசிசிப்பி ஆறு இருக்கிறது, எண்ணெய் ஆலைகள் இருக்கின்றன, ஒரு வாசல் மூடினால் இன்னொன்று. வடக்கு டகோட்டாவின் சோயாவுக்குப் பெரும்பாலும் ஒரே வாசல்: மேற்கே போகும் ரயில், பசிபிக் துறைமுகம், சீனா. அது மூடியதும் சிகாகோ விலை விழுந்தது போதாதென்று, இந்தக் கழிவும் வீங்கியது. சில களஞ்சியங்கள் சோயாவை வாங்குவதையே நிறுத்தின. தேசிய அளவில் சொன்னால், 2017-இல் சீனா ஏறக்குறைய 3.2 கோடி டன் அமெரிக்க சோயா வாங்கியது. 2018-இல் அது 80 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது.

நான் கேட்டேன், அடுத்த ஆண்டு அண்ணன் என்ன விதைப்பார் என்று. சும்மா கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நீண்ட நேரம் பேசினார்.

ஒரு விவசாயி வசந்த காலத்தில் வயலைப் பார்த்து முடிவெடுப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அறுவடை முடிந்த கையோடு அடுத்த ஆண்டு தொடங்கிவிடுகிறது. மக்காச்சோளம் போடுவதாக இருந்தால் குளிர்காலத்துக்கு முன்பே சில வயல்களில் நைட்ரஜன் உரத்தை மண்ணுக்குள் செலுத்திவிட வேண்டும். சோயா தன் நைட்ரஜனைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். மக்காச்சோளம் பெருந்தீனிக்காரன். டிசம்பருக்குள் விதைக்குப் பணம் கட்டினால் தள்ளுபடி. ஜனவரியில் வங்கிக்காரர் பயிர்த் திட்டத்தைக் கேட்பார். பிப்ரவரியில் பயிர்க் காப்பீட்டுக்கான விலை தீர்மானமாகும்: சிகாகோ சந்தையில் சோயாவுக்கு வரும் நவம்பர் முன்பேர ஒப்பந்தத்தின் விலை, மக்காச்சோளத்துக்கு வரும் டிசம்பர் ஒப்பந்தத்தின் விலை, அந்த மாதம் முழுவதும் எடுத்த சராசரி. சோயா விலையை மக்காச்சோள விலையால் வகுத்தால் ஓர் எண் வரும். அது இரண்டரையைத் தாண்டினால் சோயா பக்கம் சாய்வார்கள், அதற்குக் கீழே நன்றாக இறங்கினால் மக்காச்சோளம் பக்கம். புஷல் என்பது சோயாவில் 27 கிலோ சொச்சம். 2018 பிப்ரவரியில் புஷலுக்குச் சோயா 10.17 டாலர், மக்காச்சோளம் 3.96. வகுத்துப் பாருங்கள், 2.57. சோயாவைப் போடு என்று சந்தை கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஐந்து மாதத்தில் வரி. அந்த எண்ணை நம்பி விதைத்தவர் செய்த தவறு என்ன?

நாங்கள் பேசி மூன்று மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், சோயா 9.54, மக்காச்சோளம் 4.00. எண் 2.39. இப்போது மக்காச்சோளத்துக்குத் தாவ வேண்டியதுதானே? அங்கேதான் எனக்குப் புரியாமல் இருந்த விஷயம் வருகிறது. வடக்கு டகோட்டாவின் குளிரில் எல்லா வயலும் மக்காச்சோளத்துக்கு ஏற்றதல்ல. மக்காச்சோளத்துக்கு உரச்செலவு அதிகம், உலர்த்தும் செலவு அதிகம், அறுவடைத் தலைப்பகுதி வேறு இயந்திரம். ஒரே பயிரை அடுத்தடுத்துப் போட்டால் விளைச்சல் குறையும், நோய் தங்கும், அதனால் மாற்றி மாற்றித்தான் போடுவார்கள். இந்த ஆண்டு சோயா இருந்த வயலுக்கு அடுத்த ஆண்டுக்கான பயிர் பாதி முடிவாகிவிட்டது. அதைக் குலைத்தால் அதற்கு அடுத்த ஆண்டும் குலையும். கோதுமைக்குத் திரும்பலாம். ஆனால் அண்ணன் கோதுமையை விட்டுச் சோயாவுக்கு வந்ததே அதில் பணம் இல்லை என்றுதான். அந்த மாற்றத்துக்கு ஊர்க் களஞ்சியம், ரயில் பாதை, கடன் எல்லாம் சேர்ந்து இருபது ஆண்டு எடுத்தன.

ஆகவே மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். இன்னொன்றையும் எடை போட்டார்: இந்த வரி எத்தனை நாள் இருக்கும்? பேச்சுவார்த்தை என்று ஒரு நாள் செய்தி, முறிவு என்று மறுநாள் செய்தி. மழையைக் கணிக்க அவருக்குத் தந்தை கற்றுக்கொடுத்திருக்கிறார். ஓர் அதிபரின் மனநிலையைக் கணிக்க யார் கற்றுக்கொடுப்பார்கள்? 'மழை பெய்யாவிட்டால் யார்மேலும் கோபம் வராது, இதில் வருகிறது' என்று அண்ணன் சொன்னாராம். கலாமாவில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான்காம் ஹோல்டிலிருந்து கேடட் வந்து முடிந்துவிட்டது என்றான். ஆய்வாளர் எழுந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். இந்த முறை தேறினோம்.

மறுநாள் மக்காச்சோளம் ஏற்றும்போது, மின்னஞ்சல் முகவரிகளை மாற்றிக்கொண்டோம். ஆண்டுக்கு ஓரிரு முறை எழுதுவார். 2019 கோடையில் வந்த கடிதம்தான் மிக நீளம்.

அந்த வசந்தத்தில் மழை கொட்டித் தீர்த்தது. பல மாநிலங்களில் டிராக்டர் வயலுக்குள் இறங்க முடியவில்லை. அப்படி விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டில் ஒரு தொகை கிடைக்கும். இந்தக் குழப்பத்துக்கு நடுவே, மே 23 அன்று, வரிப் போரால் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 1,600 கோடி டாலர் உதவித் திட்டத்தை அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. முந்தைய ஆண்டுத் திட்டத்தில் பயிர்வாரியாகப் பணம்: சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு 1 சென்ட். புஷல் என்பது சோயாவில் 27 கிலோ சொச்சம். மக்காச்சோளக்காரர்கள் அந்த ஒரு சென்ட்டைப் பற்றிப் பேசிய பேச்சை ஆய்வாளர் எழுதவில்லை, எழுதத் தகுந்தது இல்லையாம். அதே முறையை 2019-இலும் வைத்தால் எல்லோரும் உதவித்தொகைக்காகவே சோயா போட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, முறையை மாற்றினார்கள். எந்தப் பயிராக இருந்தாலும், விதைத்த ஏக்கருக்கு இவ்வளவு, மாவட்டத்தைப் பொறுத்து 15 முதல் 150 டாலர் வரை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு வந்தது விதைப்பு நடுவில். விதைத்தால்தான் முழு உதவி. விதைக்காமல் விட்டால் காப்பீடு. சேற்றில் இறக்கி, நாள் கடந்து, பாதி விளைச்சல் தரும் என்று தெரிந்தே ஒன்றை விதைப்பதா, அல்லது விதைக்காமல் விட்டுக் காப்பீட்டை வாங்குவதா? அந்த மாவட்டத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்ற எண்ணோ ஜூலை கடைசியில்தான் வெளியானது. விதைப்புக் காலம் போன பிறகு. அந்த ஆண்டு 1.9 கோடி ஏக்கருக்கும் மேலான நிலம் விதைக்கப்படாமல் கிடந்தது. முன்பு எப்போதும் பதிவாகாத அளவு. சோயாப் பரப்பு 8.9 கோடி ஏக்கரிலிருந்து 7.6 கோடி ஏக்கருக்குச் சரிந்தது. இதில் மழை எவ்வளவு, வரி எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. அண்ணன் என்ன செய்தார்? மூன்றில் ஒரு பங்கைக் கோதுமைக்கு மாற்றினார், மீதியில் சோயாவே போட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, சோயா விதைக்கு டிசம்பரிலேயே பணம் கட்டிவிட்டார் என்று ஒரே வரியில் பதில்.

இங்கே எனக்குச் சொந்தமாக ஒரு கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். இறக்குமதி வரி என்றாலே விவசாயிக்குக் கேடு என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து மலிவாகக் கொட்டும் சரக்கிலிருந்து காக்கும் வரியை விவசாயியே கேட்டு வாங்குகிறார். பத்து ஆண்டுக்கு நிலையாக நிற்கும் வரியை, நல்லதோ கெட்டதோ, அவர் கணக்கில் எழுதிக்கொள்வார். அவரை உடைப்பது பருவத்தை மதிக்காத வரி. வரி போடுபவருக்கு ஆண்டில் 365 நாளும் ஒன்று. விதைப்பவருக்கு ஆண்டில் நான்கு வாரம்தான் கதவு திறந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2020 மே 19 முதல் சீனா அந்நாட்டு பார்லி மீது 80.5% வரி விதித்தது. அது அங்கே விதைப்புக் காலம். மேற்கு ஆஸ்திரேலியாவில் விதைப்பு இயந்திரங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தன. விதைத்தது விதைத்ததுதான், மீதி இருந்த வயலில் கோதுமைக்கோ கனோலா என்ற எண்ணெய் வித்துக்கோ மாற முடிந்தவர்கள் மாறினார்கள். வரி நீங்கியது 2023 ஆகஸ்டில். இந்தியாவிலும் இதே கதை வேறு வேடத்தில் நடந்தது. பருத்தி இறக்குமதிக்கு 2021 முதல் 11% வரி இருந்தது. 2025 ஆகஸ்ட் 19 அன்று அது திடீரென நீக்கப்பட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை. அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50% வரி விதித்த வேளை, நூற்பாலைகளுக்கும் ஆடை ஏற்றுமதியாளர்களுக்கும் மலிவான பஞ்சு தேவைப்பட்டது, அது புரிகிறது. ஆனால் பருத்தி விதைத்தவர் பெரும்பாலும் ஜூன், ஜூலையிலேயே விதைத்துவிட்டார். வரி இருக்கிறது என்று நம்பி விதைத்தார், வரி இல்லாத சந்தையில் அறுவடை செய்தார்.

மஞ்சள் பட்டாணி இன்னும் வேடிக்கை. 2017 நவம்பரில் இந்தியா அதற்கு 50% இறக்குமதி வரி போட்டது. உள்நாட்டுப் பருப்பு விலை விழுந்திருந்தது, சரி. கனடாவின் சஸ்காட்செவன் விவசாயிகளுக்கு இந்தியாதான் பெரிய வாடிக்கையாளர், அவர்கள் வேறு பயிருக்கு ஓட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் வரி பூஜ்யம். பிறகு அந்தப் பூஜ்யத்தைத் தவணை தவணையாக நீட்டினார்கள். 2025 நவம்பர் 1 முதல் மறுபடி 30%. அறிவிப்பு வந்தது அக்டோபர் கடைசி வாரத்தில், ரபி எனும் குளிர்காலப் பருவத்துக் கொண்டைக்கடலை விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது. ஆக, வரி ஏறியபோது ஒரு கண்டத்து விவசாயிக்கும், இறங்கியபோது இன்னொரு கண்டத்து விவசாயிக்கும் கணக்குத் தப்பியது. அதே ஆண்டு மார்ச்சில் சீனாவும் கனடாவின் பட்டாணிக்கு 100% வரி போட்டதால், சஸ்காட்செவனில் பட்டாணி போட்டவரின் அன்றைய நிலையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

அர்ஜென்டினாவில் நேர் எதிர்த் திசை. அங்கே வரி வாசலுக்கு உள்ளேயே, ஏற்றுமதிக்கு. ரொசாரியோவுக்கு வடக்கே பரானா ஆற்றுத் துறைகளில் பலமுறை ஏற்றியிருக்கிறேன். ஆற்றின் இரு பக்கமும் சமவெளி, வயல்களில் திமிங்கலம் படுத்திருப்பதுபோல நீள வெள்ளைப் பைகள். தானியத்தை அந்தப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு வயலிலேயே வைத்திருப்பார்கள். பணத்தின் மதிப்பு கரையும் நாட்டில் சோயாவே வங்கிக் கணக்கு. 2008 மார்ச்சில் சோயா ஏற்றுமதி வரியை உலக விலையோடு ஏற்றும் திட்டம் வந்தபோது விவசாயிகள் சாலைகளை மறித்தார்கள். நான்கு மாதப் போராட்டம். கடைசியில் செனட் சபையில் வாக்குகள் சமமாக, துணை அதிபர் ஹூலியோ கோபோஸ் தன் அரசுக்கு எதிராகவே வாக்களித்துத் திட்டத்தைக் கவிழ்த்தார். கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் வரியோடு ஏற்றுமதி அனுமதிக் கட்டுப்பாடும் இருந்ததால், பலர் சோயா மேல் சோயாவாகவே விதைத்தார்கள், மண் களைத்தது. 2015 டிசம்பரில் புதிய அரசு கோதுமை, மக்காச்சோளம் இரண்டுக்கும் அந்த வரியை நீக்கியது. அடுத்த பருவத்திலேயே கோதுமை வயல்கள் பெருகின. பயிர்ச் சுழற்சியின் அவசியத்தை எத்தனையோ வேளாண் அலுவலர்கள் ஆண்டாண்டாகச் சொல்லியிருப்பார்கள். ஓர் அரசாணை ஒரே பருவத்தில் செய்துவிட்டது.

பிரேசிலுக்கு வருகிறேன், என் ஊதியத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. மாட்டோ குரோசோ மாநிலத்தில் சோயா விதைப்பு செப்டம்பர் நடுவில் தொடங்கும். அமெரிக்காவில் அறுவடை தொடங்கும் அதே நேரம். 2018-இல் சீனா வாங்குவதை நிறுத்திய அமெரிக்க சோயா களஞ்சியங்களில் குவியத் தொடங்கியபோது, பிரேசில் விவசாயி விதைப்பைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிகாகோ விலைக்கு மேல் கூடுதல் விலை கிடைத்தது. ஒருவருக்குக் கழிவு, இன்னொருவருக்குக் கூட்டல், இரண்டும் ஒரே ஆணையால். கையில் பணம், வங்கியில் கடன், இன்னும் கொஞ்சம் மேய்ச்சல் நிலத்தைத் திருத்தினார். சோயாவை ஜனவரி, பிப்ரவரியில் அறுத்த கையோடு அதே வயலில் மக்காச்சோளம். அங்கே 2017-18-இல் சோயாப் பரப்பு ஏறக்குறைய 3.5 கோடி ஹெக்டேர், 2024-25-இல் 4.7 கோடி. வரிப்போர் இல்லாவிட்டாலும் பரப்பு வளர்ந்திருக்கும், சீனாவின் பசி அப்படி. ஆனால் சாண்டோஸுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் எண்ணிக்கையை 2018-க்கு முன்னும் பின்னும் பார்த்தவன் நான்.

அமெரிக்கர்களுக்கு இது இரண்டாவது பாடம் என்பதுதான் விசித்திரம். 1973 ஜூனில், உள்நாட்டு விலை ஏறுகிறது என்று அதிபர் நிக்சன் சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டார். சில மாதத்தில் தளர்ந்துவிட்ட தடை. ஆனால் சோயாவுக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான் அதிர்ந்துபோய், பிரேசிலின் செராடோ புல்வெளியைச் சோயா நிலமாக்கும் திட்டத்தில் பணம் போட்டது. அந்தத் திட்டம் 1979-இல் தொடங்கியது. இன்று உலகில் மிக அதிகமாக சோயா விளைவிப்பது பிரேசில். தடை சில மாதம் இருந்தது, உழுத நிலம் அப்படியே இருக்கிறது.

2025-இல் எல்லாம் மறுபடி. அந்த பிப்ரவரியில் காப்பீட்டு விலை சோயா 10.54, மக்காச்சோளம் 4.70. எண் 2.24. இந்த முறை அமெரிக்க விவசாயிகள் முன்னெச்சரிக்கையாக மக்காச்சோளத்துக்குத் தாவினார்கள். 9.8 கோடி ஏக்கருக்கும் மேல், 1936-க்குப் பிறகு இவ்வளவு இல்லை. சோயா 8.1 கோடி ஏக்கரை ஒட்டி இறங்கியது. சூடு கண்ட பூனை. சீனா செப்டம்பரில் ஒரு டன் அமெரிக்க சோயாகூட இறக்குமதி செய்யவில்லை என்ற அளவில் அந்த எச்சரிக்கை சரிதான். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடியதால் மக்காச்சோளம் வரலாறு காணாத அளவு விளைந்து, அதன் விலை அமுங்கியது. மக்காச்சோளத்துக்கு உரம் வேண்டும் என்றேனே, அமெரிக்காவுக்குப் பொட்டாஷ் பெரும்பாலும் கனடாவிலிருந்து வருகிறது, அந்த வசந்தத்தில் கனடாவுடனும் வரிச் சண்டை.

அந்த செப்டம்பரில் நான் கேப்டன். காலிக் கப்பலுடன் மெக்சிகோ வளைகுடா நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். 22-ஆம் தேதி அர்ஜென்டினா ஏற்றுமதி வரியைத் தற்காலிகமாகப் பூஜ்யமாக்கியது, 700 கோடி டாலர் ஏற்றுமதி பதிவாகும் வரை என்ற வரம்போடு. மூன்றே நாளில் வரம்பு நிறைந்துவிட்டது. சீன வணிகர்கள் அள்ளிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் எனக்கு உத்தரவு: திசை மாற்று, பரானாவுக்குப் போ. கடல் வரைபடத்தில் பென்சில் கோட்டை அழித்துப் புதிதாக வரைந்துகொண்டிருந்த இரண்டாம் அதிகாரி, ஏன் சார் என்று கேட்டான். பதில் சொல்ல ஒரு வாட்ச் முழுவதும் ஆயிற்று.

அக்டோபர் 30 அன்று அமெரிக்க, சீன அதிபர்கள் தென் கொரியாவின் பூசானில் சந்தித்தார்கள். 2026 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டன் சோயா வாங்கச் சீனா ஒப்புக்கொண்டதாக அமெரிக்கா அறிவித்தது. 2025 நவம்பருக்குப் பிறகும் அமெரிக்க சோயா மீது சீனாவின் வரி 13% மிச்சம் இருந்தது. வழக்கமான 3%, கூடுதலாக 10%. டிசம்பரில் விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் உதவி அறிவிப்பும் வந்தது.

ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அண்ணனும் நிலத்தை மகனிடம் விட்டுவிட்டார். புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்பியபோது, மகன் இந்த ஆண்டு சோயா எத்தனை ஏக்கர் போடுகிறான் என்று கேட்டேன். அவனும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, பிப்ரவரி முடியட்டும் என்று பதில் வந்தது. விதைக்குப் பணம் கட்டிவிட்டானா என்று கேட்டேன். பாதிக்குக் கட்டியிருக்கிறானாம். எந்தப் பாதி என்று அவர் எழுதவில்லை. எனக்கு அடுத்த பயணத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது, சாண்டோஸ், சோயா, ஏழு ஹோல்டும். முந்தைய சரக்கு நிலக்கரி. நாளை காலையிலிருந்து கழுவத் தொடங்க வேண்டும்.